வெர்னின் டிரெய்லரில் புதுத் தரை

ஐம்பத்தெட்டு வயதுவரை ஹார்லன் ஸ்ட்ரோபலுக்கு யாரைப் பார்த்தும் வயிறு எரிந்ததில்லை. விஸ்கான்ஸினின் வடக்கே பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றி, பாலாடைக்கட்டி ஆலையில் கொண்டுபோய் இறக்கும் லாரி அவனுடையது. விடிவதற்கு முன் எழுந்து, மற்றவர்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் படுக்கப் போகிறவனுக்குக் கல்யாண யோசனையே வரவில்லை. பிறகு, தேவாலயத்தில் நடந்த ஒரு வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், பரிமாறிக்கொண்டிருந்த ஆர்டிஸ் அவன் கேட்காமலே இன்னொரு துண்டு மீனை அவன் தட்டில் வைத்தாள். அடுத்த வசந்தத்தில் இருவருக்கும் அதே தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது.

ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். முதல் புருஷன் வெர்ன் போய்ச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அவனோடு வாழ்ந்த வீட்டை விற்றுவிட்டு ஹார்லனின் வீட்டுக்கு வந்தாள். வரும்போது வெர்ன் உட்கார்ந்த நாற்காலியைக்கூடக் கொண்டுவரவில்லை. ஆனால் டிரெய்லரைக் கொண்டுவந்தாள்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு அது. முன்பக்க ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில், நடுவில் அடுப்பு, பின்னால் மேசை. ஒவ்வொரு ஜூலையிலும் அதை ஏரிக்கரை முகாமுக்கு இழுத்துப்போய், வெர்ன் எந்த இடத்தில் நிறுத்துவானோ அதே இடத்தில் நிறுத்த வேண்டும். அங்கே எல்லோருக்கும் வெர்னைத் தெரியும். "ஓ, வெர்னோட டிரெய்லரா?" என்று கேட்டுக்கொண்டே வந்து ஹார்லனின் கையைக் குலுக்குவார்கள். வெர்ன் பிடித்த மீனின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டுவார்கள். உயிரோடு இருக்கிறவன் என்றால் ஒரு நாளாவது தடுக்கி விழுவான், உளறுவான், வழுக்கை விழும். செத்தவனை எதில் பிடிப்பது? ஹார்லன் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இந்தப் பள்ளம் வெர்னின் முதுகு போட்டதுதானோ என்று யோசிப்பான். ஆர்டிஸ் வெர்னைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். அதுதான் அவனை எல்லாவற்றையும்விட அதிகமாக அரித்தது. பேச முடியாத அளவுக்கா மனசுக்குள் பூட்டி வைத்திருக்கிறாள்?

ஒரு மே மாதம், பனிக்காலம் முழுக்க மூடிக் கிடந்த டிரெய்லரைத் திறந்து உள்ளே போனான். கட்டிலின் ஓரத்தில் கால் வைத்ததும் தரை பொதக்கென்று உள்வாங்கியது. மூக்கில் பூஞ்சை நாற்றம். ஹார்லன் இன்னொரு முறை மிதித்துப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் இறங்கியது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்குள் போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான்: "ஆர்டிஸ், டிரெய்லர் கதை முடிஞ்சுது. தண்ணி இறங்கி அடித்தரையே ஊறிப்போச்சு. பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு பாக்கலாம்."

ஆர்டிஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். "தரைதானே போச்சு? மாத்து."

"கடையில கேட்டா சிரிப்பாங்க. அந்த வேலைக்கு ஆகுற செலவுக்கு வண்டியே வாங்கிடலாம்."

"கடைக்கு எதுக்குக் கொண்டு போற? உனக்குக் கை இருக்கில்ல? லாரி எஞ்சினையே கழட்டி மாட்டினவன்தானே நீ?"

மறுத்தால், வெர்ன் செய்திருப்பான் என்று அவள் மனசுக்குள் நினைப்பாள். அந்த நினைப்பே போதுமானதாக இருந்தது. ஹார்லன் ரம்பத்தை எடுத்தான்.

முதல் நாளே கோர்டி வந்து நின்றான். ஏரியில் படகுத்துறை கட்டிக்கொடுக்கிறவன், வெர்னின் உயிர் சிநேகிதன், மனைவி எப்போதோ அரிசோனாவுக்கு ஓடிப்போனவள். காபிக் கோப்பையோடு வாசற்படியில் சாய்ந்துகொண்டு, "என்ன பால்காரரே, தச்சு வேலையா?" என்றான். "வெர்ன் இருந்திருந்தா ஒரு சனி ஞாயிறுல முடிச்சிருப்பான்."

"இருந்திருந்தா முடிச்சிருப்பான். இல்லையே," என்றான் ஹார்லன்.

"கோவிச்சுக்காத. சும்மா சொன்னேன். கேஸ் குழாய் அடியில போகுது, ரம்பத்தை ஆழமா விடாத. ஊரே எரிஞ்சுடும்."

கட்டிலின் அடிப்பெட்டியைக் கழற்றினான். திருகாணிகள் துருப்பிடித்துத் தலை தேய்ந்திருந்தன. பாதியை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மேல் விரிப்பை உரித்ததும் அடியில் சாம்பல் பெயிண்ட் அடித்த ஒரு பலகை தெரிந்தது. டிரெய்லரோடு வந்த பலகை அல்ல. பின்னால் யாரோ வெட்டி வைத்து, திருகி மூடியது. கடப்பாரையை நுழைத்து நெம்பினான். அதன் கீழே பழைய தரை, டீயில் முக்கி மறந்துபோன ரஸ்க் மாதிரி கருத்துக் கிடந்தது. கையால் அள்ளினால் வந்தது. குறுக்குச் சட்டத்தில் இரண்டு பஞ்சாகியிருந்தன. வெளியே போய் ஜன்னலைப் பார்த்தான். ஜன்னல் சட்டத்தின் மேல்விளிம்பில் டேப் ஒட்டி, அதன்மேல் பெயிண்ட் பூசியிருந்தது. தண்ணீர் அந்த வழியாகத்தான் வருஷக்கணக்காக இறங்கியிருக்கிறது.

ஹார்லனுக்கு மனசு குளிர்ந்தது. கடைசியில் மாட்டினான் வெர்ன்! அழுகினதை எடுக்காமல் மேலே பலகை போட்டு மூடிய வெர்ன். ஒழுக்கை அடைக்காமல் டேப் ஒட்டிய வெர்ன். இதையா ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது?

"ஆர்டிஸ்! இங்க வா. வந்து பாரு."

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"பாத்தியா? உள்ள அழுகிக் கிடக்கு, மேல பலகையை வச்சு மூடியிருக்கான் உன் வெர்ன்." 'உன் வெர்ன்' என்று அவன் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

ஆர்டிஸ் குனிந்து அந்தச் சாம்பல் பலகையைப் பார்த்தாள். "வெர்னா? வெர்னுக்கு ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியாது. இது கோர்டி போட்டது."

"கோர்டியா?"

"எல்லாம் கோர்டிதான். இந்தப் படி, அந்த அலமாரி, வெளிக்கூரைத் துணி, எல்லாமே. வெர்ன் மீன் பிடிக்கப் போயிடுவான், கோர்டி வந்து செஞ்சு குடுப்பான். இதை அவசரத்துல போட்டான், வெர்னுக்கு உடம்புக்கு முடியாமப் போன வருஷம்." அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

ஹார்லன் கடப்பாரையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். இத்தனை நாள் ஒரு செத்தவன்மேல் வீணாக எரிச்சலைக் கொட்டியிருக்கிறான்! புருஷன் படகில் போய்விடுவானாம், சிநேகிதன் வந்து அலமாரி மாட்டுவானாம். அந்த அலமாரியின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தான். சத்தமே இல்லாமல் மூடியது. அதுவும் பொறுக்கவில்லை அவனுக்கு.

பிறகு அவன் செய்த வேலை முழுக்க கோர்டியோடு போட்ட சண்டைதான். ஜன்னலையே கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புது ரப்பர் நாடா வைத்து இறுக்கினான். அழுகின சட்டங்களை வெட்டி எறிந்து, புதியவற்றைப் பழையவற்றின் பக்கத்திலேயே சேர்த்து முடுக்கினான். புதுப் பிளைவுட்டின் ஓரங்களுக்கெல்லாம் பெயிண்ட் இரண்டு முறை பூசினான். ஆனால் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டான். டிரெய்லரின் சுவர் தரைப் பலகையின்மேல்தான் உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து ஒருவன் ஜாக்கி போட்டுச் சுவரை இம்மியளவு தூக்கினால்தான், உள்ளே இருக்கிறவன் பலகையை அடியில் தள்ள முடியும். ஒற்றை ஆளால் ஆகாது.

கூப்பிடாமலே கோர்டி ஜாக்கியோடு வந்தான். ஆர்டிஸ் சொல்லியிருப்பாள்.

ஹார்லன் உள்ளே வயிற்றின்மேல் படுத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டான். வெளியே ஜாக்கி கிரீச்சிட்டது. சுவர் முனகிக்கொண்டு எழும்பியது.

"தள்ளு," என்றது கோர்டியின் குரல்.

ஹார்லன் தள்ளவில்லை. "அந்தச் சாம்பல் பலகை நீ போட்டதாமே?"

கோர்டி ஜாக்கியை நிறுத்தினான். பிறகு, "ஆமா. வெர்ன் அந்த வருஷம் இந்தக் கட்டில்லயே கிடந்தான். கட்டிலைக் கழட்டி அவனை எங்க படுக்க வைக்கிறது? ஒரு வருஷம் தாங்கட்டும்னு போட்டேன்."

"வெர்ன் ஒரு சனி ஞாயிறுல முடிச்சிருப்பான்னியே?"

"அவன் என் சிநேகிதன்ப்பா. செத்தவனை வேற என்ன சொல்றது?"

தகரச் சுவரின் இரண்டு பக்கமும் இருந்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அதனாலேயே ஹார்லனுக்கு வாய் வந்தது. "நீ அவளுக்காகத்தான் இதெல்லாம் செஞ்சே."

"வெர்ன் உயிரோட இருந்தவரைக்கும் நான் ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல."

"அப்புறம்?"

ஜாக்கி லேசாகக் கிரீச்சிட்டது. ஹார்லன் அனிச்சையாக விரல்களை வெளியே இழுத்துக்கொண்டான்.

"பயப்படாத, இறக்க மாட்டேன்," என்றான் கோர்டி. "கேட்டேன். வெர்ன் போன அடுத்த வருஷம். அவ என்ன சொன்னாங்கிறதை அவகிட்டயே கேட்டுக்க. ஏரியில இருந்து ஒவ்வொரு ஜூலையும் பாக்குறேன், நீ அவ பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்கே. அதுக்குத்தான் வாயில வந்ததைச் சொல்லிட்டுத் திரியறேன். போதுமா? இப்ப தள்ளுடா, கை வலிக்குது."

ஹார்லன் தள்ளினான். பலகை சரசரவென்று சுவருக்கு அடியில் போய் உட்கார்ந்தது. கோர்டி ஜாக்கியை இறக்கிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

சாப்பாட்டு மேசையில் ஹார்லன் கேட்டே விட்டான். "கோர்டி உன்னைக் கட்டிக்கக் கேட்டானாமே?"

"கேட்டான்." ஆர்டிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். "முடியாதுன்னேன்."

"ஏன்? நல்லா வேலை செய்யறவன். சிரிக்கச் சிரிக்கப் பேசறவன்."

"நீயே கட்டிக்கோ அவனை." பிறகு கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவன்கூட இருந்தா காலையில இருந்து ராத்திரிவரை வெர்ன் பேச்சுத்தான். வெர்னோட முப்பது வருஷம் இருந்தது போதாதா? உன் வீட்டுல அந்தப் பேரையே எடுக்க வேண்டாம். எனக்கு அது எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?"

"அப்ப இந்த டிரெய்லர் எதுக்கு?"

"ஏரியில குளிக்கணும் எனக்கு. காலையில எந்திரிச்சு, பல்லு விளக்காம, நேரா தண்ணிக்குள்ள இறங்கணும். உனக்கு வேற எதாவது தோணுச்சா?"

ஹார்லனுக்கு என்னென்னவோ தோன்றியிருந்தது. இன்னொரு தடவை உருளைக்கிழங்கு கேட்டு வாங்கிக்கொண்டான்.

அந்த ஜூலையில் முகாமில் கோர்டி ஹார்லனிடம் வெர்ன் பெயரை எடுக்கவே இல்லை. தரையைப் பார்க்க உள்ளே வந்தான், மூலைகளில் முழங்காலிட்டு உற்றுப் பார்த்தான், "ஓரத்துக்குப் பெயிண்ட் அடிச்சது நல்ல காரியம்," என்றான். ஹார்லனுக்கு அது போதவில்லை. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது கோர்டி சொல்லும் ஜோக்குக்கு ஆர்டிஸ் எவ்வளவு சிரிக்கிறாள் என்று ஓரக்கண்ணால் பார்ப்பதையும் அவன் விடவில்லை. நிம்மதி என்றாளே தவிர, ஆசை என்று சொல்லவில்லையே என்று அந்த வார்த்தையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டான்.

மறுவருஷம் கோர்டி ஒருத்தியோடு வந்தான். மார்லிஸ் என்று பெயர். மினசோட்டாக்காரி, முடி வெட்டும் கடை வைத்திருக்கிறவள், ஏரிக்கரை அதிர அதிரச் சிரிப்பவள். ஹார்லனுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. அவளுக்கு நாற்காலி விரித்துப்போட்டான், சாஸேஜ் சுட்டுக் கொடுத்தான்.

ஆர்டிஸ் சீக்கிரமே எழுந்து டிரெய்லருக்குள் போனாள். பின்னாலேயே போன ஹார்லனிடம், பாத்திரத்தை ணங்கென்று வைத்துவிட்டுச் சொன்னாள்: "கேட்டியா அந்தச் சிரிப்பை? கழுத்தை நெரிச்ச வாத்து மாதிரி. இவளைப் போய் எங்க புடிச்சான் அவன்? படகுத்துறைக்கு அவளுக்குன்னு தனியாப் படி வேற கட்டித் தந்திருக்கானாம்."

"இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கென்ன?"

"எனக்கென்ன? ஒண்ணுமில்லை." வாசல் வழியே இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள்.

ஹார்லன் புதுத் தரையின்மேல் உட்கார்ந்து காலணியின் கயிற்றை அவிழ்த்தான். அவிழ்த்தவன், மறுபடியும் கட்டிக்கொண்டான். "வா," என்றான். "நாம போய் அவங்க பக்கத்துலயே உக்காருவோம்." ஆர்டிஸ் வந்தாள். அவன் தன் நாற்காலியைக் கோர்டிக்கும் அவளுக்கும் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.