ஏப்ரலையும் பார்த்தவர்

நார்த் பே ஏரிக்கரையில் கோடையில் படகும் பனிக்காலத்தில் மீன்பிடிக் குடிசையும் வாடகைக்கு விடுகிறவள் ஹூகெட். ஐம்பது வயதைத் தாண்டியவள், வாய்த்துடுக்கு அதிகம். குடிசை என்றால் சறுக்குக் கட்டை மேல் நிற்கும் ஒரு மரப்பெட்டிதான். ஏரி உறைந்ததும் அவள் தம்பி ரேயால் அதை நடு ஏரிக்கு இழுத்துப்போய் நிறுத்துவான். உள்ளே அடுப்பை மூட்டிக்கொண்டு, பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டிலை இறக்க வேண்டியது.

ஊருக்குள் நுழையும் இடத்தில் ‘வருடம் முழுக்கக் கொண்டாட்டம்’ என்று ஏதோ ஒரு விடுதிக்காரர் பலகை நட்டிருக்கிறார். அவர் ஏப்ரலில் ஊரில் இருந்ததே இல்லை போலிருக்கிறது. அப்போது பனிக்கட்டி பாதி இளகியிருக்கும்; ஏரியில் நடக்கவும் முடியாது, படகு விடவும் முடியாது. தெருவெல்லாம் சேறு. பனிக்காலம் முழுக்க நாய்கள் புதைத்து வைத்த சொத்தெல்லாம் வெளியே வந்து பல்லிளிக்கும். ஹூகெட்டின் முதல் கணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெற்கே கம்பி நீட்டியதும் ஓர் ஏப்ரலில்தான்.

அதனால்தான், போன ஜூலையில் தெற்கே விண்ட்சரிலிருந்து வந்த டெல்பர்ட், படகிலிருந்து இரண்டு முறை தண்ணீரில் விழுந்துவிட்டு, அந்த வாரமே கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவள் பிடி கொடுக்கவில்லை.

“ஜூலையில யாருக்குத்தான் இந்த ஊரு பிடிக்காது? நாலு பருவமும் வந்து பாருங்க. ஏப்ரலையும் பாத்துட்டு அப்புறம் கேளுங்க” என்றாள்.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான டெல்பர்ட் சொன்னபடி வந்தார். அக்டோபரில் செவ்விலைக் காட்டுக்குள் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். பிப்ரவரியில் குடிசைக்குள் பீன்ஸைத் தீய விட்டார்; இருவரும் சிரித்த சிரிப்பில் மீனெல்லாம் ஓடிப்போயிற்று. அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு ஹூகெட்டுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இந்த மனிதர் போய்விடக் கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் ஏப்ரல் வந்தே தீரும்.

வந்தது, மழையோடு. அவள் வாசலிலேயே டெல்பர்ட்டின் கார் சேற்றில் சிக்கிக்கொண்டது. இறங்கியவரின் ஒரு பூட்ஸைச் சேறு பிடுங்கிக்கொண்டது. காபி கூடக் கேட்காமல் அவர் நேரே கரைக்கு நடந்தார். சாம்பல் நிறமாய் நொந்து கிடந்த ஏரியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

அவ்வளவுதான், ஏப்ரலைப் பார்த்துவிட்டார் என்று ஹூகெட் முடிவுகட்டிவிட்டாள். வீறாப்பாகவே கேட்டாள்.

“என்ன, தெற்கே திரும்பணுமா? நான் ஒண்ணும் தடுக்கல.”

“குடிசை எங்க?” என்றார் அவர்.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. பிப்ரவரியில், அவள் விறகு எடுக்க வெளியே போயிருந்த நேரத்தில், தம் அம்மாவின் மோதிரத்தைப் புழு டப்பாவில் போட்டு பெஞ்சுக்கடியில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். நாலாம் பருவத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம் என்று திட்டம். ஏரி இளகும் முன்பே குடிசையைக் கரையேற்றிவிடுவார்கள் என்பது விண்ட்சர்க்காரருக்கு எப்படித் தெரியும்?

காரைத் தள்ள வந்திருந்த ரேயால் சிரித்த சிரிப்பில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“மாப்பிள்ளை, குடிசை என் கொல்லையில பத்திரமா இருக்கு. ஏரியிலேயே விட்டிருந்தா இந்நேரம் மீனு வாடகை குடுத்திட்டிருக்கும்.”

கொல்லையில் குடிசைக்குள் பழைய டயர்களை அடைத்து வைத்திருந்தான். மூவருமாக வெளியே உருட்டினார்கள். பெஞ்சுக்கடியில் டப்பா இருந்தது. மண்ணோடும் நாலு காய்ந்த புழுக்களோடும் மோதிரமும் இருந்தது. டெல்பர்ட் மண்டியிடப் பார்த்தார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஹூகெட் அவரைப் பெஞ்சிலேயே உட்காரச் சொன்னாள். ஒழுகும் கூரைக்குக் கீழே, ஒற்றைப் பூட்ஸோடு அவர் கேட்டார். அவள் புழுவைத் தட்டிவிட்டு விரலை நீட்டினாள்.

சாயங்காலம் காற்று திரும்பியது. பனிக்கட்டி நொறுங்கிக் கண்ணாடி வளையல்களாகக் கலகலத்துக் கரை ஒதுங்கியது. வருடா வருடம் போலத் தெருவே மடக்கு நாற்காலியும் காபியுமாக வேடிக்கை பார்க்க இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டு மோரின், ஹூகெட்டிடம் குனிந்து, விருந்தாளி எப்போது கிளம்புகிறார் என்று விசாரித்தாள்.

“கிளம்ப மாட்டாராம்” என்றாள் ஹூகெட்.