ஆர்டிஸ் க்வாமின் பச்சைப் பரங்கி

அக்டோபர் பிறந்துவிட்டால் சனி ஞாயிறுகளில் ஆர்டிஸ் க்வாமை வீட்டில் பார்க்க முடியாது. வாரத்தில் ஐந்து நாள் ஹேல்ஸ் க்ரீக் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஓட்டுகிறவள், அந்த ஒரு மாதம் மட்டும் விடுமுறை நாட்களிலும் ஆப்பிள் தோட்டத்து டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். பின்னால் வைக்கோல் கட்டுகள் போட்ட வண்டி. அதில் மில்வாக்கி, மேடிசன் நகரங்களிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு கிளம்பி வந்த கூட்டம். ஆப்பிள் பறிக்க ஓரிடத்தில் நிறுத்துவாள், சோளக்காட்டுக்குள் வழி தொலைத்து விளையாட ஓரிடத்தில், பரங்கி பொறுக்க ஓரிடத்தில். அறுபத்தொரு வயதில் இந்தக் குலுங்கல் உனக்குத் தேவையா என்று கேட்டால், காற்று நன்றாக இருக்கிறது என்பாள்.

காற்றாவது ஒன்றாவது. வண்டிப்பாதை மூன்றாவது திருப்பத்தில் டுவேன் லோரென்ஸின் வேலியை ஒட்டிப் போகிறது. டிராக்டர் இருக்கையிலிருந்து பார்த்தால் அவன் பரங்கிப் பாத்தி முழுசாகத் தெரியும். அதற்காகத்தான் வந்தாள்.

டுவேன் அவளுடைய முன்னாள் கணவன். அந்தப் பாத்தி, பதினோரு வருஷம் அவள் எருவடித்துப் பதப்படுத்திய மண். விவாகரத்தில் நிலம் அவன் பக்கம் போய்விட்டது. அவன் குடும்பச் சொத்து, போகட்டும். அவளால் விழுங்க முடியாதது வேறொன்று.

ராட்சதப் பரங்கி வளர்க்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அறுவடைத் திருவிழாவில் எடை போட்ட பரங்கியின் விதைக்கு, அதன் எடையும் வளர்த்தவரின் குடும்பப் பெயரும்தான் பெயர். அவர்கள் மணவாழ்க்கையின் கடைசி வருஷம் விளைந்தது 1468 பவுண்டு. பெண்பூ விரியும் நேரம் பார்த்து விடியற்காலையில் போய் ஆண்பூவை ஒடித்து மகரந்தம் தடவியது அவள். வேர் வேராக மண் அணைத்தது அவள். வெயில் கொளுத்திய நாட்களில் காய்க்குப் போர்வை போர்த்தி நிழல் கொடுத்ததும் அவள். டுவேன் டிரக் ஓட்டினான். எடை போடும் இடத்தில் படிவத்தை நிரப்பும்போது அவள் கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வருவதற்குள் வளர்த்தவர் என்ற இடத்தில் அவன் தன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தான். அன்றிலிருந்து அந்த விதை நாடு முழுக்க '1468 லோரென்ஸ்'. பரங்கி வளர்ப்பவர்கள் சங்கத்துக் கூட்டங்களில் டுவேன் எழுந்து நின்று பரங்கி வளர்ப்பது எப்படி என்று பாடம் நடத்துவான். நான்தானே வளர்த்தேன் என்று ஆர்டிஸ் சொன்னபோது, பிரிந்துபோனவளின் வயிற்றெரிச்சல் என்று ஊர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டது.

ஆறு வருஷம் ஆயிற்று. இதற்கிடையில் டுவேனின் காய் ஒன்றுகூடத் தொள்ளாயிரம் பவுண்டைத் தாண்டவில்லை. மழையைக் குறை சொன்னான், வண்டைக் குறை சொன்னான். ஊரும் சேர்ந்து உச்சுக்கொட்டியது. அதைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன கோடையில் ஆர்டிஸ் தன் வீட்டுக் கொல்லையில் இரண்டு கொடி போட்டாள். ஒன்று, அவளே முன்பு விளைவித்த 1104 பவுண்டுக் காயின் விதையில் வந்த ஆரஞ்சுப் பரங்கி. மற்றது 780 பவுண்டுக் காயின் விதையில் வந்த பச்சை ஸ்குவாஷ், பரங்கியின் பங்காளி. கொடியும் இலையும் பார்க்க ஒன்றுபோலத்தான், எடை மேடையில்தான் இரண்டும் வேறு சாதி. ஆரஞ்சாக இருந்தால் பரங்கி, பெரிய போட்டி. பச்சையாக இருந்தால் ஸ்குவாஷ், ஓரமாக ஒரு சின்ன மேசை. ஜூலையில் ஒரு விடிகாலை, அந்த ஸ்குவாஷின் ஆண்பூவை ஒடித்துப் பரங்கியின் பெண்பூவில் தடவினாள். காய் தாயைப் போல ஆரஞ்சாகவே பழுத்து 1391 பவுண்டு வந்தது. தகப்பனின் பச்சை நிறமோ அடுத்த காயில் வெளிவர அதன் விதைக்குள் உட்கார்ந்திருந்தது.

மார்ச் மாதம் சங்கத்தில் விதை பரிமாற்றம். விதை கேட்டு வந்தவரை இல்லையென்று அனுப்பக் கூடாது என்பது அங்கே மாறாத மரியாதை. உறையின் முன்பக்கம் எடையும் பெயரும், பின்பக்கம் தாய் எது, தகப்பன் எது என்ற விவரம். அதில் பொய் எழுதினால் சங்கத்தில் தலைகாட்ட முடியாது. ஆர்டிஸ் பொய் எழுதவில்லை. உள்ளதை உள்ளபடி கறுப்பு மையில் எழுதினாள். மற்றவர்கள் கேட்டபோது உறையைத் திருப்பிக் காட்டித்தான் கொடுத்தாள். ஸ்குவாஷ் கலப்பா என்று முகம் சுளித்து வைத்துவிட்டுப் போனார்கள். டுவேன் வந்து நின்றபோது மட்டும் திருப்பவில்லை.

அவன் முன்பக்கத்து எண்ணைப் பார்த்தான். பார்த்துச் சிரித்தான். "என் மண்ணுல போட்டா இது எங்கியோ போயிடும், ஆர்டிஸ்" என்றான். அவன் மண்ணாம். அவள் உறையை நீட்டினாள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். விதை வாங்குகிற எவரும் முதலில் திருப்புவது பின்பக்கத்தைத்தான். அவன் திருப்பமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷமும் அந்தப் பக்கத்தை எழுதியது அவள், அவன் ஒரு நாளும் படித்ததில்லை.

அக்டோபர் முதல் சனிக்கிழமை வண்டி ஓடத் தொடங்கியது. மூன்றாவது திருப்பத்தில், டுவேன் வேறு கொடியே போடாத பாத்தியில், அவள் விதையின் காய் கிடந்தது. ஒரு கார் அளவுக்கு, கரும்பச்சையாக. ஆர்டிஸ் டிராக்டரை மெதுவாக்கினாள். வண்டியிலிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ, அது என்னங்க, தர்ப்பூசணியா?"

"பரங்கிம்மா. இந்த மாவட்டத்துலயே பெரிய பரங்கிக்காரரோடது. அதோ நிக்கிறாரு பாருங்க, நீங்களே கேளுங்க."

வண்டி மொத்தமும் வேலிக்கு மேலாகக் கத்திக் கேட்டது. குளிர் விழுந்தால் நிறம் திரும்பிவிடும் என்று டுவேன் பதில் கத்தினான். அடுத்த வண்டியும் கேட்டது. அதற்கடுத்ததும் கேட்டது. ஒரு நாளைக்குப் பதினாலு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஆர்டிஸ் டிராக்டரை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, மூக்கைத் துடைத்து, நிதானமாகத்தான் கிளப்பினாள். இரண்டாவது வாரம் அவன் வேலியோரம் வருவதையே நிறுத்திவிட்டான். குளிர் விழுந்தது, மேப்பிள் மரமெல்லாம் சிவந்தது, அது மட்டும் நிறம் திரும்பவில்லை.

திருவிழா அன்று வெயில் பளிச்சென்று இருந்தது. ஆற்றங்கரைப் புல்வெளியில் ஆப்பிள் சாறு கொதிக்கும் வாசனை, எண்ணெயில் பொரியும் டோனட் வாசனை. பரங்கிகளை ஃபோர்க்லிஃப்டில் தூக்கித் தூக்கி எடை மேடையில் வைத்தார்கள். ஆர்டிஸின் காய் 1422, இரண்டாம் இடம். முதல் இடம் அடுத்த மாவட்டத்துப் பல் டாக்டருக்கு. அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

டுவேனுடையது 1604. கூட்டம் விசிலடித்தது. அவன் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். எடை நடுவர் மெர்ல் பட்ஸ்கி, முப்பது வருஷமாக அந்த மேடையில் நிற்கிறவர், காயை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மைக்கில் சொன்னார். ஸ்குவாஷ் பிரிவு, முதல் இடம், போட்டிக்கு வந்தது ஒன்றே ஒன்று.

கூட்டம் சிரித்தது. டுவேனின் கழுத்து சிவந்தது. அவன் நேராக ஆர்டிஸைக் கைகாட்டினான். பரங்கி என்று சொல்லி ஸ்குவாஷ் விதையைத் தலையில் கட்டிவிட்டாள், இவளைச் சங்கத்திலிருந்து தூக்குங்கள் என்றான். சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கூட்டத்தில் அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு கிடையாது. ஆர்டிஸ் டோனட்டை மென்றுகொண்டிருந்தாள்.

"கவர் வெச்சிருக்கியா?" என்று டுவேனைக் கேட்டார் மெர்ல்.

டிரக்கிலிருந்து எடுத்து வந்து கொடுத்தான். மெர்ல் முன்பக்கம் பார்த்தார். திருப்பினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அணைக்க மறந்த மைக்கின் முன்னால் வாசித்தார். தாய், 1104 க்வாம். தகப்பன், பச்சை ஸ்குவாஷ், 780 க்வாம்.

"இவ்ளோ பெருசா எழுதியிருக்கு, டுவேன். நீ படிக்கலையா?"

மெர்ல் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. வளர்க்கிறவர்கள் பிள்ளைகளின் பிறந்தநாளை மறந்தாலும் தங்கள் காயின் தாய் தகப்பனை மறக்கமாட்டார்கள் என்பதால் அடுத்ததையும் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சரி, உன் 1468-க்குத் தகப்பன் எது?"

ஆற்றங்கரை முழுக்க அந்தக் கேள்வி ஒலிபெருக்கியில் போனது. டுவேன் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"அதெல்லாம்... அவதான் பாத்துக்கிட்டா" என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. யாரும் கைதட்டவில்லை. பல் டாக்டர் மட்டும் திரும்பி ஆர்டிஸைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். பிறகு இன்னொருவர். பிறகு சங்கத்தின் முன்வரிசை முழுக்க. ஆறு வருஷம் அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததை அவன் வாயாலேயே, மைக்கிலேயே, ஒரே வரியில் சொல்லிவிட்டான். ஆர்டிஸுக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவம் என்று தோன்றவில்லை, தோன்ற வேண்டும் என்றும் அவள் முயற்சி செய்யவில்லை.

சாயங்காலம் டிரக் ஏற்றும் இடத்தில் அவனே வந்தான். நகரத்துப் பிள்ளைகள் பச்சைக் காயின்மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, ஆர்டிஸ்."

"எழுதியிருந்தேனே."

அவன் போகத் திரும்பினான். அவள் விடவில்லை.

"அத வெட்டி விதை எடுக்கிறப்போ எனக்கொரு கவர் வேணும், டுவேன்."

கேட்டவருக்கு இல்லையென்று சொல்லக் கூடாது. சங்கத்தின் முன்வரிசை இன்னும் அங்கேதான் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தருகிறேன் என்று அவன் தலையை அசைத்தான்.

"முன்பக்கம் உம் பேர எழுதிக்கோ. பின்பக்கம் என் பேரு. ரெண்டு பூவும் என் விதைக் கொடியோடதுதான், தாய்க்கு ஒருவாட்டி, தகப்பனுக்கு ஒருவாட்டி. உன் கையாலயே எழுதணும்."

"சரி" என்றான்.

"க்வாம். எழுத்துக்கூட்டிச் சொல்லவா?" என்று கேட்டுவிட்டு, தோட்டத்தில் கடைசிச் சுற்றுக்கு ஆட்கள் காத்திருந்த வண்டியில் டிராக்டரை மாட்டப் போனாள் ஆர்டிஸ்.