வெயிட்டிங் லிஸ்ட்டில் முதல் பெயர்

அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சையாளர் ஆவதற்கான இரண்டு வருடப் பயிற்சி அது. கட்டணம் பெயருக்குத்தான், மாதாமாதம் உதவித்தொகை வேறு. தனியாரில் அதே படிப்புக்குக் கேட்ட தொகையைச் சொன்னதும் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். ஆக, எனக்கு இருந்தது இந்த ஒரு வழிதான். இடங்களோ ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

நானும் குரோம்பேட்டையில் இருந்த என் தோழி ஒருத்தியும் எம்.எஸ்சி.யில் ஒரே பெஞ்ச். நுழைவுத் தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் சேர்ந்தே தயாரானோம். ஞாயிறுதோறும் ஊரப்பாக்கத்தில் ரயிலேறி அவள் வீட்டு மொட்டை மாடிக்குப் போவேன். ஒருத்தி நோயாளி, ஒருத்தி சிகிச்சையாளர் என்று மாறி மாறி உட்காருவோம். அறிவுரை சொல்லக் கூடாது, முடிவெடுத்துத் தரக் கூடாது. எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான். அவளுக்கோ வாய் நிற்காது. "அந்த ஆளை விட்டுட்டு வந்துடுங்கக்கா" என்று கற்பனை நோயாளிக்கே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். ஒவ்வொரு முறையும் நான்தான் திருத்துவேன்.

பட்டியல் வந்தது. தேர்வானவர்களில் கடைசியாக அவள் பெயர். வெயிட்டிங் லிஸ்ட்டில் முதலாவதாக என் பெயர். வாழ்த்துச் சொல்ல போன் செய்தேன். எனக்குத் துக்கம் விசாரிக்கிற குரல்தான் வந்தது. வயிறு எரிந்தது, மறைப்பானேன்? நான் திருத்திக் கொடுத்தவள் உள்ளே, நான் வெளியே! யாராவது ஒருத்தர் சேராமல் போகட்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன். யாராவது என்ன யாராவது, அவள்தான்.

சேர வேண்டிய தேதிக்கு நான்கு நாள் முன்பு அவளே வரச் சொன்னாள். போனேன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாப்பிள்ளை வீட்ல ரெண்டு வருஷம்லாம் வெயிட் பண்ண மாட்டாங்களாம். அம்மா சீட்டை விட்டுடுன்றாங்க. நீ சொல்லு, நான் என்னடி பண்றது?"

'போய்ச் சேருடி' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நான் நிமிர்ந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"இதுல எது முக்கியம்னு உனக்குத் தோணுது?"

அவள் மறுபடி அழுதாள். பொறுமையாகக் காத்திருந்தேன். "எந்த முடிவா இருந்தாலும் அது உன்னோடதா இருக்கணும்" என்றேன். புத்தகப்படி ஒரு குறை சொல்ல முடியாது. நேர்முகத்தில்கூட நான் இவ்வளவு நன்றாகச் செய்யவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நான் சேரக் கூடாதுன்னு நீ வேண்டிக்கிறது எனக்குத் தெரியும். உன் இடத்துல இருந்தா நானும் வேண்டிக்குவேன். ஆனா நீ வந்து கேட்டிருந்தா, போய்ச் சேருடின்னு சொல்லியிருப்பேன்."

அவள் சேர்ந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். பட்டியலில் இருந்து யாரும் விலகவில்லை; நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கவுன்சலராகச் சேர்ந்தேன்.

அவள் சொல்லியிருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சீட்டைவிட அதில்தான் இன்றுவரை எனக்குப் பொறாமை.