பன்னிரண்டு படத்தில் நடந்த அப்பா

போன அமாவாசைக்கு அப்பாவின் தர்ப்பணத்தை வீடியோ காலில் செய்தேன். சிரிக்காதீர்கள். புரோகிதருக்கு ஸ்ரீவராகத்தில் இன்னும் நாலு வீடு பாக்கி, எனக்கு எட்டரைக்கு மீட்டிங். கைப்பேசியைச் சொம்பில் சாய்த்துவைத்து உட்கார்ந்தேன். திரை மூலையில் தெரிந்த என் உருவத்தில் பூணூல் இடத்தோளில் கிடந்தது. இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது அது வலத்தோளில் இருக்கவேண்டும். பதறி மாற்றினேன்.

"சரியாத்தானே இருந்தது, எதுக்கு மாத்தறேள்?" என்றார் புரோகிதர்.

கேமரா இடவலம் மாற்றிக் காட்டும் என்பது எனக்கா தெரியாது? அதைச் செய்துதானே பிழைக்க ஆரம்பித்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. தம்பானூரில் ஒரு லாட்ஜ் மாடியில், பிள்ளைகளுக்கான சிடி தயாரிக்கும் கம்பெனி. கீழே ஹோட்டலிலிருந்து பரோட்டா வாசனை நாள் முழுக்க ஏறிவரும். பேங்க் பரீட்சையை எழுதாமல் அங்கே போய்ச் சேர்ந்ததில் அப்பாவுக்கு மகா கோபம். ஆறு மாதமாகப் பேச்சில்லை, எதுவானாலும் அம்மா வழியாகத்தான். கரமனை வீட்டில் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருப்பார். உட்கார முடியாத பிறவி. நானும் அப்படித்தான், நாற்காலியில் இருந்தாலும் முட்டி ஆடிக்கொண்டிருக்கும்.

சிடியில் தெருவோடு நடக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது அப்பாவையே வரைந்தேன், வேட்டியும் திறந்த மார்பில் பூணூலுமாக. பன்னிரண்டு படங்கள். ஒன்றை அழித்து அடுத்ததைப் போட்டால் நடப்பார். முதலில் கண் வலிக்கும்படித் துடித்தார். முழுப் படத்தையும் கணினியின் நினைவில் மறைவாகத் தயார்செய்து, ஒரேயடியாகத் திரைக்கு அனுப்பியதும் நிதானமானார். தெருக்கோடியில் திரும்பவேண்டுமே, இன்னொரு பன்னிரண்டு வரைய யாருக்குப் பொறுமை? இடவலம் மாற்ற நிரலில் ஒரு வரி எழுதினேன். அதே நடை, எதிர்த்திசை.

இதைப் பார்த்தால் மனம் இளகுவார் என்று அம்மாவிடம் சொல்லி அப்பாவைக் கம்பெனிக்கு வரவழைத்தேன். நின்றபடியே பார்த்தார். "நானாக்கும்," என்று முகம் மலர்ந்தது. படம் திரும்பியது.

"திரும்பி வரச்சே மட்டும் பூணல் ஏன்டா வலத்தோளுக்குப் போறது? யாருக்குத் தர்ப்பணம்?"

ஆறு மாதத்தில் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. படத்தை இடவலம் மாற்றியதில் பூணூலும் தோள் மாறியிருந்தது. மேலாளர் எட்டிப் பார்த்தார். "எடோ, உச்சைக்குப் பார்ட்டி சிடி பார்க்க வரும், மணி இப்போதே பதினொன்று. திரும்ப வேண்டாம், அப்படியே போகட்டும்."

அந்த வரியை நீக்கினேன். அப்பா வலது ஓரத்தில் மறைந்து இடது ஓரத்தில் முளைத்தார்.

"அப்போ நான் ஆத்துக்குத் திரும்பவே மாட்டேனா?"

"ஒரு வாரத்துல வரைஞ்சுடறேன்பா."

"வரைஞ்சுட்டுச் சொல்லு, வந்து பாக்கறேன்."

அன்றோடு கோபம் போயிற்று. அதன்பின் சாப்பிட உட்கார்ந்தால், "திரும்பிட்டேனா?" என்பார். நாளைக்கு, அடுத்த வாரம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு வேலை, வேறு கம்பெனி என்று ஓடிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் ஒருமுறை கேட்டார்.

அந்த லாட்ஜ் இன்று இல்லை, கம்பெனியும் இல்லை. சிடி மட்டும் அலமாரியில் இருக்கிறது. போட்டுப் பார்க்க வீட்டில் எதுவும் இல்லை, இருந்தாலும் அந்தப் பழைய நிரல் இப்போதைய கணினியில் ஓடாது. ஓடினால்தான் என்ன, அதில் அப்பா போய்க்கொண்டுதான் இருப்பார். திரும்பி வரும் பன்னிரண்டு படங்களை நான் வரையவே இல்லை.