டாரட் வின்சி சொன்ன பரிகாரம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பியூட்டி பார்லர் நடத்தும் வின்சி, ஆரூடக் கலைக்குள் காலெடுத்து வைத்தது ஒரு கூரியர் பார்சல் வழியாக. புருவம் திருத்த வருகிறவர்கள் முகத்தோடு மனதையும் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அதற்கும் ஒரு சாமான் வேண்டாமா என்று, படம் பார்த்துப் பலன் சொல்லும் டாரட் சீட்டுக்கட்டு ஒன்றை வரவழைத்தாள். சபைப் பொருளாளரான அவள் கணவன் எபனேசர் தீர யோசித்துத் தீர்ப்புச் சொன்னான்: "வேதபுஸ்தகத்து மேல மட்டும் வச்சிராத."

புதுச் சீட்டோடு முதலில் பழக வேண்டும், தினம் ஒன்றை எடுத்து முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றது யூடியூப். வின்சி அதைப் பெண் பார்க்கும் வைபவமாகவே நடத்தினாள். கோப்பையைப் பிடித்திருக்கும் ராணியைப் பிடித்துப்போயிற்று. புருவம்தான் கொஞ்சம் ஒழுங்கில்லை. தலைகீழாகத் தொங்குகிறவன், முதுகெல்லாம் வாள் குத்திக் கிடப்பவன், வெள்ளைக் குதிரையில் வரும் எலும்புக்கூடு ஆகியோரோடு மட்டும் சம்பந்தம் கூடிவரவில்லை. காசு கொடுக்கிறவர்களிடம் எலும்புக்கூட்டைக் காட்டுவது தொழில் தர்மமா? அவர்களைப் பிரித்து ஒரு காலி க்ரீம் டப்பாவில் போட்டு மூடினாள்.

அன்றிலிருந்து ஊரில் யாருக்கும் கெட்ட காலமே வரவில்லை. எல்லார் மாமியாரும் திருந்தினார்கள், எல்லார் மகனும் பாஸானான். வாடிக்கையாளர்களுக்கோ கடுப்பு. "ஒரு கண்டம் இல்ல, ஒரு பரிகாரம் இல்ல. இதெல்லாம் ஒரு ஜோசியமாட்டி?"

இப்படித் தொழில் நொடித்திருந்த வேளையில் சண்முகத்தாய் வந்தாள். இட்லி மாவு அரைத்து விற்பவள். ஃபேஷியல் செய்யும்போது அவள் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வின்சியின் விரலில் தட்டுப்பட்டது.

"அக்கா, இது எம்புட்டு நாளா இருக்கு?"

"அது கெடக்குட்டி. வத்திராயிருப்பு ஜோசியரு, குரு பாக்காரு பயமில்லன்னுட்டாரு. தேவதானத்துல ஒருத்தரு நம்ம ஊரு திருவண்ணாமலப் பெருமாள் மலைக்குச் சனிக்கெழம ஏறச் சொன்னாரு. ஏறிட்டுதான் இருக்கேன்."

"கொறஞ்சிருக்கா?"

"முட்டி வலி கூடியிருக்கு." சண்முகத்தாய் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எங்க அக்காவுக்கும் இப்படித்தான் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா, திரும்பி வரல. ஒஞ் சீட்டு என்ன சொல்லுதுன்னு பாரு. போகச் சொன்னா போறேன்."

வின்சி டப்பாவைத் திறந்து, ஒளித்து வைத்தவர்களை எல்லாம் சீட்டுக்கட்டோடு சேர்த்துக் கலைத்து நீட்டினாள். சண்முகத்தாய் கண்ணை மூடி ஒன்றை உருவினாள். சூரியன்! கீழே குதிரைமேல் கையை விரித்துச் சிரிக்கிற குழந்தை வேறு.

"பாத்தியா, நல்ல சீட்டு! ஆஸ்பத்திரி வேண்டாங்குது."

அத்தனை நாள் பழகிய சீட்டு காலை வாரிவிட்டது. வின்சி கட்டைத் திருப்பி எலும்புக்கூட்டைத் தேடி எடுத்து மேசையில் அறைந்தாள். "இதுதான் ஒங்க சீட்டு."

"ஏட்டி, நீயா எடுத்தாச் செல்லுமா?"

"கிளி எடுத்தா மட்டும் செல்லுமாக்கும்? அது நெல்லுக்கு எடுக்கு. நான் ஒங்க கழுத்தத் தொட்டுப் பாத்து எடுக்கேன்."

சண்முகத்தாய் எலும்புக்கூட்டை உற்றுப் பார்த்தாள். முகத்தில் பயத்தோடு ஒரு மரியாதையும் வந்தது. கடைசியில் ஒரு முறையான ஜோசியம்!

"பரிகாரம் என்னட்டி?"

"ராஜபாளையத்துல ஸ்கேன். நானும் கூட வாரேன்."

"என்னைக்கு?"

"இப்பவே. ராகுகாலம் முடிஞ்சாச்சு," என்றாள் சபைப் பொருளாளரின் மனைவி.

ஸ்கேன், ரத்தம், ஊசி என்று சில நாள் இழுத்தது. அத்தனை நாளும் சண்முகத்தாய் சரியாகச் சாப்பிடவில்லை. முடிவைப் பார்த்த டாக்டர், "கெட்ட கட்டி இல்லம்மா, தைராய்டுதான். தினம் வெறும் வயித்துல ஒரு மாத்திர. ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க," என்றார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரை சண்முகத்தாய் மருந்துச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக நடந்தாள். பிறகு மெதுவாக, "எங்க அக்கா ரொம்ப நாள் கழிச்சுல்லா ஆஸ்பத்திரிக்குப் போனா," என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வின்சியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பரோட்டாக் கடை எங்கட்டி இருக்கு? வெறும் வயிறெல்லாம் நாளையில இருந்துதான?"