நாற்காலி போட்ட குற்றம்

சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்று என் மனைவியைத் திட்டாத நாளில்லை. ஒரகடத்தில் கம்பெனி பஸ் மோதி, அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் வந்ததும், நின்றுகொண்டுதான் சமைப்பேன் என்று தினமும் அடம்பிடித்தாள்.

கம்பெனியில் அசெம்பிளி லைனில் எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்க்கிறவன் நான். உட்கார ஒரு ஸ்டூல் கிடைக்காதா என்று ஏங்குகிறவன்.

"நின்னு இன்னாத்த கிழிக்கப்போற? ராணி மாதிரி குந்து" என்று கத்திவிட்டு, நாற்காலியைப் போட்டேன். செயற்கைக் காலைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன்.

சில மாதங்களில் அந்த நாற்காலியிலிருந்து சரிந்தாள். சின்னச் சறுக்கல்தான். இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் என்மேல் எரிந்து விழுந்தார். "எடை தாங்கினாத்தான்யா எலும்பு பலமா இருக்கும். நிக்கவே விடாம வச்சிருந்தா மெலிஞ்சுதான் போகும்."

"நானும் அத்தத்தானே சொல்லிக்கினு இருந்தேன்" என்றாள் அவள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எலும்பு கூடி, பரணிலிருந்து இறக்கிய செயற்கைக் காலோடு இப்போது அடுப்படியில் நிற்கிறாள். நாற்காலியை நகர்த்திப் போட இன்றும் கை பரபரக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்தாலும் அதில் உட்காரப் பிடிக்காமல், அவள் பக்கத்திலேயே நிற்கிறேன்.