நோன்பு மாத்திரையும் மிச்சம் பிடித்த முட்டைகளும்

போன செவ்வாய்க்கிழமை புத்தளத்தில் ஒரு டொக்டர் முன்னால் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். எதற்கும் தீர்ப்புச் சொல்லும் நானா? ஆம், சாட்சாத் நானேதான்!

கூட வந்தவள் என் தங்கை ரிஸ்னா. வண்ணாத்திவில்லில் ஆங்கில ஆசிரியை. வயது முப்பத்தாறு. கலியாணமாகி ஐந்து வருடம்... குழந்தை இல்லை.

எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உங்களில் பலருக்கும் தெரியும், வெளியே சொல்லமாட்டீர்கள். நோன்பு தொடங்குமுன் பாமசிக்குப் போய், மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை வாங்குவோம். மாதவிடாய் நாட்களில் நோன்பு பிடிக்கக் கூடாதல்லவா, மாத்திரை போட்டால் முப்பது நோன்பையும் விடாமல் பிடித்துவிடலாம். எங்கள் இருவருக்கும் சேர்த்து பாலாவியில் வாங்குவது நான்தான்.

கலியாணமான புதிதில் ரிஸ்னாவுக்கு ஒரு கவலை. மேற்படிப்பை முடித்துவிட்டுப் பிள்ளை பெறலாமா, வயது போய்விடுமா? நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டே நான் தீர்ப்புச் சொன்னேன். மாதத்துக்கு ஒரு முட்டைதானே வெளியேறுகிறது? மாத்திரை போட்டால் அது உள்ளேயே மிச்சம். நீ வருடா வருடம் மிச்சம் பிடித்தவள், என்ன அவசரம்?

பள்ளியில் இருபது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த நான் சொன்னால் யார் மறுப்பார்கள்? அவள் மேற்படிப்புக்குப் போனாள்.

டொக்டர் ஸ்கேனையும் இரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு, சூலகத்தில் முட்டைகள் நன்றாகக் குறைந்துவிட்டன என்றார்.

"நான் மிச்சம் புடிச்சிருந்தேனே டொக்டர்?" என்றாள் ரிஸ்னா.

அவர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு முட்டையும் ஒரு சின்னப் பைக்குள் இருக்கிறது. அந்தப் பைகள் கூட்டம் கூட்டமாக வளரத் தொடங்கும். 'உயிரோடு இரு' என்று ஓமோன்கள் அனுப்பும் செய்தி போதிய அளவு கிடைப்பது பெரும்பாலும் ஒன்றுக்குத்தான். மற்றப் பைகளின் உயிர்க்கலங்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். முட்டையும் கூடவே போய்விடும்.

மாத்திரை போட்டால்? அப்போதும் சாகும். கர்ப்பமாக இருந்தால்? அப்போதும்தான். மாத்திரையால் கெடுதல் இல்லை, ஆனால் ஒரு முட்டைகூட அதனால் மிஞ்சாது.

அதைவிடப் பெரிய இடி அடுத்ததாக வந்தது. ஒரு பெண் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகளில் பெரும்பகுதி செத்துவிடுமாம். பிறக்கும் முன்னே! லட்சக்கணக்கில்! இத்தனை சாவு எனக்குள்ளும் நடந்திருக்கிறது... நானோ கரும்பலகையில் மாதத்துக்கு ஒரு முட்டை என்று வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னும் வாய்ப்பு இருக்கிறது, இந்த மாதமே சிகிச்சையைத் தொடங்குவோம், இனி ஒரு மாதமும் தள்ளிப்போடக் கூடாது என்றார் டொக்டர்.

பஸ்ஸில் ரிஸ்னா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். உப்பளங்கள் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"ராத்தா, உங்கட கணக்குல எனக்கு இன்னும் எத்தனை மிச்சம்?"

கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உண்மையாகவே பதிலை எதிர்பார்த்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

நேற்று பாமசிக்காரர் என்னைக் கண்டதும், "நோன்பு வருதே மிஸ், வழமை போல ரெண்டு பேருக்குமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். தெரியாததைச் சொல்ல வாய் துடிக்கும்போது, அதைத் தள்ளிப்போட ஏதும் மாத்திரை இருந்தால் தாருங்கள்... எனக்கு மட்டும்!